பத்மநாபபுரம் அரண்மனை: கட்டடத்துக்கு எல்லோரும் மார்க் போட்டாச்சு, கதைகளுக்கு இனிமேல்தான்

இரண்டு தடவை போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முதல் தடவை ஒரு வேன் சுற்றுலாவில் போனது. பெயர் வேண்டாம், காலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், அங்கிருந்து சுசீந்திரம், அப்புறம் அரண்மனை, சாயங்காலம் திற்பரப்பு அருவியில் குளியல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ள வைக்கிற வகை. அரண்மனைக்கு 45 நிமிடம் கொடுத்தார்கள். செருப்பு விடுவதற்கும் சீட்டு வாங்குவதற்குமே பத்து நிமிடம் போய்விட்டது, மீதி நேரம் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே மரப்படி ஏறி இறங்கியதுதான் ஞாபகம். இரண்டாவது தடவை பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரணியல் பக்கம் பிறந்து வளர்ந்தவர், எழுபது தாண்டியவர், முழங்கால் வலி உள்ளவர், ஆனால் வாய்க்கு மட்டும் எந்த வலியும் கிடையாது. மூன்றரை மணி நேரம் ஆனது. இங்கே எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பயணம்தான்.

தெரியாதவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் தக்கலை வரும், அங்கிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே. வேளிமலை அடிவாரம். இடம் கன்னியாகுமரி மாவட்டம், அதாவது தமிழ்நாடு. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபோது ஊர் நமக்கு, அரண்மனை அவர்களுக்கு என்று ஆகிவிட்டது. அதனால் வாசலைத் தாண்டியதும் அறிவிப்புப் பலகையில் மலையாளத்தைப் பார்த்து மிரளவேண்டாம், தமிழில் கேட்டால் தமிழில் பதில் கிடைக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஓட்டு வீடு மாதிரிதான் இருக்கும். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பார்த்துவிட்டு அதே கண்ணோடு வருகிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் சப்பென்றுதான் இருக்கும். இங்கே எல்லாம் மரம். பூமுகம் என்கிற முன்மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் தாமரைத் தாமரையாகச் செதுக்கியிருக்கிறார்கள், மொத்தம் 90 பூக்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. அங்கே நின்று கழுத்து வலிக்க எண்ண ஆரம்பித்த ஒரு பையனை அவன் அப்பா இழுத்துக்கொண்டு போனார். விட்டிருக்கலாம், பாவம்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைநகரமாக இருந்த இடம் இது. 1601 வாக்கில் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கியது, பிறகு வந்த ஒவ்வொருவரும் ஒரு மாளிகை, ஒரு மண்டபம் என்று ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் உருவத்தில் பெரும்பங்கு மார்த்தாண்ட வர்மா செய்தது. அதுவரை ஊருக்குப் பெயர் கல்குளம், தாலுகாவுக்கு இன்னும் அந்தப் பெயர்தான். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது, அரண்மனை இங்கேயே நின்றுவிட்டது. வரலாறு இவ்வளவு போதும், கதைகளுக்கு வருவோம். இந்த அரண்மனையில் நாம் சீட்டு வாங்குவது பாதி மரத்துக்கு, பாதி கதைக்கு.

உள்ளே பகுதிக்கு ஒருவர் நின்று விளக்கம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்கிற கதைகளில் பெரும்பாலானவை பொருள்களைப் பற்றியவை. கதை எவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்பதற்குத்தான் இங்கே என் மார்க். தரை, கட்டில், விளக்கு, கல், சுரங்கம். முதலில் தரை. கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத ஒரு பளபளப்பு, குனிந்தால் முகம் தெரிகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, மணல், ஏதேதோ செடிச் சாறு எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள். இதற்கு நான் பத்துக்கு ஒன்பது போடுவேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் முட்டை வெள்ளைக்கருவைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது இந்தத் தரைக்காகத்தான், வெறுங்காலோடு நடக்கும்போது வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி ஏறும். பெரியம்மா முழங்கால் வலியை மறந்து கொஞ்ச நேரம் சும்மா நடந்துகொண்டிருந்தார்.

மூலிகைக் கட்டில் அடுத்தது. உப்பரிகை மாளிகையில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசாம், 64 வகை மருத்துவ மரங்களைச் சேர்த்துச் செய்ததாம், படுத்தால் நோய் அண்டாதாம். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், 67 என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த மூன்று மரம் பெரிய விஷயமாகப் படவில்லை. யார் கொடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். 1741-இல் குளச்சலில் இதே டச்சுக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார், படைத்தலைவன் டிலனாய் சரணடைகிற காட்சி இதே அரண்மனையில் ஓவியமாகத் தொங்குகிறது. 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை. அடி வாங்கியவர்கள் அடித்தவருக்குக் கட்டில் கொடுத்தார்கள் என்பதை ஒருவரும் அழுத்திச் சொல்வதில்லை, மரத்தின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். டிலனாய் அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவேயில்லை என்பது இன்னொரு வேடிக்கை. மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டை கட்டி, 1777-இல் இறந்து, பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அங்கேயும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.

38 கிலோ கல்லும் அப்படித்தான் ஒரு பேச்சுப் பொருள். படையில் சேர வருகிறவன் அந்தக் கல்லைத் தலைக்கு மேல் 101 முறை தொடர்ந்து தூக்கவேண்டும் என்று கதை. இரண்டு தடவையும் இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு ஆள் சட்டைக் கையை மடித்தார். மார்க் நான்கு. நூறோடு நிறுத்தாமல் அந்த ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களே, மொய் எழுதுகிற மாதிரி, அதிலேயே கதை என்று தெரிந்துவிடுகிறது. தாய்க்கொட்டாரத்துச் சுரங்கத்துக்கு ஐந்து. அரண்மனையிலேயே பழைய பகுதி அதுதான், நடுவில் முற்றம் வைத்த நாலுகட்டு வீடு, அங்கிருந்து சாரோட்டு அரண்மனைக்கு இரண்டு கிலோமீட்டர் தரைக்கு அடியில் வழி போகிறது என்பார்கள், ஆபத்து வந்தால் ராஜ குடும்பம் தப்பிக்க. தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத அரண்மனையைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஆனால் இந்த ராஜாக்களுக்குத் தப்பி ஓடவேண்டிய தேவை நிஜமாகவே இருந்தது, அதனால்தான் ஐந்து மார்க்காவது போட்டேன். மார்த்தாண்ட வர்மா இளவயதில் எதிரிகளுக்குப் பயந்து நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்று சொல்லும் கதை இந்த வட்டாரம் முழுக்கத் தெரியும், அந்த மரத்தை அம்மச்சிப் பிலாவு என்று இன்னும் காட்டுகிறார்கள்.

குதிரை விளக்குக்கும் மணிமேடைக் கடிகாரத்துக்கும் மார்க் போட எதுவும் இல்லை, அவை கண்ணெதிரே இருக்கின்றன. தொங்கும் விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கிறது. கடிகாரம் எடை தொங்கி இறங்க இறங்க ஓடுகிறது, அதன் மணிச்சத்தம் மூன்று கிலோமீட்டருக்குக் கேட்கும் என்பார்கள். லாரி ஹாரன் இல்லாத காலத்தில் கேட்டிருக்கும்தான்.

ஊட்டுப்புரையில்தான், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில்தான், பெரியம்மா வாயைத் திறந்தார். இரண்டு தளம், ஒவ்வொன்றும் ரயில் பிளாட்பாரம் மாதிரி நீளம், 72 மீட்டர். ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர், ஒரு பந்தியில் இரண்டாயிரம் பேர் சாப்பிடலாம், எல்லாம் இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகள். கூட்டம் "ஆஹா" என்றது. பெரியம்மா என் காதருகே வந்து, "யாருக்கு மக்கா ஊட்டுனாவ? ஒனக்கும் எனக்குமா?" என்றார். சரிதான். திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்காக நடந்தவை. இந்தக் கல்குளம், இரணியல் பக்கத்தில்தான் மேலாடை போட்டுக்கொள்வதற்காகப் பெண்கள் அடி வாங்கினார்கள், தோள்சீலைப் போராட்டம் என்று பாடத்தில் படிப்போமே, அது. ராஜா ஆணை போட 1859 வரை ஆனது. அந்த ஹாலின் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது இதுவும் ஒரு ஓரத்தில் ஞாபகம் இருந்தால் நல்லது.

அதற்குப் பிறகு பெரியம்மாவை நிறுத்த முடியவில்லை. அரண்மனைப் பெண்கள் உட்கார்ந்து நவராத்திரி மண்டபத்து நடனத்தை மறைவாகப் பார்த்த மரச்சல்லடைப் பக்கம் ஒரு திண்ணை மாதிரி இடம் கிடைத்தது, அங்கே உட்கார்ந்து தம்பிமார் கதையைச் சொன்னார். அவர் சின்ன வயதில் கோயில் கொடையில் வில்லுப்பாட்டாக, விடிய விடியக் கேட்டது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மார்த்தாண்ட வர்மாவுக்கு முன்னால் ஆண்டவர் அவருடைய மாமா ராம வர்மா. ராம வர்மாவுக்கு அபிராமி என்கிற மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பப்புத் தம்பி, ராமன் தம்பி, தங்கை உம்மிணித் தங்கை. நம்மூர் வழக்கப்படி பார்த்தால் அடுத்த ராஜா பப்புத் தம்பிதான். ஆனால் அங்கே மருமக்கத்தாயம், ராஜாவின் மகனுக்கு நாற்காலி கிடையாது, சகோதரியின் மகனுக்குத்தான். 1729-இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். உம்மிணித் தங்கையை எனக்குக் கட்டிக் கொடு என்று கேட்டாராம். கொடுக்கிறோம், அவள் வயிற்றில் பிறக்கிற பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பாயா என்று தம்பிமார் கேட்டார்களாம். அவர் முடியாது என்றார். அங்கே ஆரம்பித்தது, எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்கிற நாயர் பிரபுக்கள் தம்பிமார் பக்கம் சேர்ந்தார்கள், படை வந்தது, கடைசியில் நாகர்கோவில் அரண்மனையில் அண்ணன் தம்பி இருவரும் கொல்லப்பட்டார்கள், தங்கையும் உயிரை விட்டாள்.

அரண்மனைத் தரப்புக் கதையில் தம்பிமார் கலகக்காரர்கள், ராஜாவைக் கொல்ல வந்தவர்கள். வில்லுப்பாட்டில் அவர்கள் ஏமாற்றிக் கொல்லப்பட்ட பிள்ளைகள். பெரியம்மா எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். "ராசாக்க மொவன் ராசா ஆவாண்டாமா? அந்தப் பிள்ளைய வளத்த தாயிக்க வயிறு எப்பிடி எரிஞ்சிருக்கும்" என்று ஏதோ பக்கத்து வீட்டில் போன வாரம் நடந்த பாகப்பிரிவினை மாதிரி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலையாளி அம்மாளுக்கு இது பாதி புரிந்து, மருமக்கத்தாயத்தில் என்ன தப்பு, சொத்து பெண் வழியில் போனால் பெண்ணுக்கு மரியாதைதானே என்று அவர் மலையாளத்தில் ஆரம்பித்தார். இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துச் சண்டையை இரண்டு பாட்டிமார் அந்தந்த மொழியில் தொடர்ந்தார்கள். கடைசியில் முழங்கால் தைலம் எது நல்லது என்பதில் சமாதானம் ஆனது. டிக்கெட் காசு அங்கேயே வசூல்.

இந்தக் கதைக்கு நான் மார்க் போடப்போவதில்லை. ஆனால் என் முழு விமர்சனமும் இதுதான்: அரண்மனைக்குள் கேட்கிற கதைகள் எல்லாம் வியக்க வைக்கிற கதைகள், வயிற்றைப் பிசைகிற கதைகள் எல்லாம் மதில் சுவருக்கு வெளியே இருக்கின்றன. உள்ளே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி அரண்மனையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மேலாங்கோடு இன்னொரு உதாரணம். குமாரகோவில் பக்கத்தில், அரண்மனையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். செண்பகவல்லி, நீலப்பிள்ளை என்று அக்கா தங்கை இருவர். பத்மநாபபுரத்து ராஜா ஒருவர் செண்பகவல்லி மேல் கண் வைத்தார், மானம் போய்விடும் என்று பெற்ற அப்பனே பெண்களைக் கொன்றுவிட்டான், இரண்டு பேரும் யட்சிகளாகி ராஜாவையும் விடவில்லை, அப்பனையும் விடவில்லை என்று கதை. இன்றைக்கு அவர்கள் கும்பிடுகிற தெய்வம். எந்த ராஜா என்று கதையில் பெயர் இல்லை. கொல்லப்பட்ட பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, கோயில் இருக்கிறது. வில்லுப்பாட்டு ஊர்களில் இது சாதாரணம், அநியாயமாகச் செத்தவர்களைத்தான் இந்தப் பக்கம் சாமியாக்கிப் பாடுவார்கள்.

தேவசகாயம் பிள்ளையையும் இங்கேதான் சொல்லவேண்டும். நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரியாக இருந்தவர், டிலனாயுடன் பழகிக் கிறிஸ்தவரானார், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15-ஆம் தேதி வத்திக்கானில் புனிதர் பட்டம் கிடைத்தது. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது, தாகத்தில் தவித்தவர் முழங்கையால் இடிக்க அதில் தண்ணீர் வந்தது என்று நம்பிக்கை. உதயகிரிக் கோட்டைக்குப் பக்கம்தான். ஒரே ராஜா, ஒரே டிலனாய், அரண்மனைக்குள் ஒரு ஓவியம், வெளியே ஒரு பாறை.

எல்லாக் கதையும் கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பர் வைத்துப் பூசித்த சரஸ்வதி சிலையைச் சேர ராஜாவிடம் கொடுத்து, நவராத்திரி பூசையை விடாமல் நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம், அந்தச் சிலைதான் அரண்மனை வளாகத்தில் இருப்பது என்று சொல்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கம்பருக்கும் கல்குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் கேட்டால் அழகான கதை. இதன் தொடர்ச்சி கண்ணால் பார்க்கக்கூடியது. தலைநகரம் திருவனந்தபுரம் போன பிறகும் நவராத்திரிக்கு சரஸ்வதி இங்கிருந்து யானை மேல் கிளம்புகிறாள், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூட, மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்ப் பூசை முடிந்து திரும்பி வருகிறார்கள். கிளம்புகிற நாளில் உப்பரிகை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கிற சடங்கு உண்டு, இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துவார்கள். போவதென்றால் அந்த நாளைப் பார்த்துப் போங்கள், கூட்டம் இருக்கும், பரவாயில்லை.

அந்த உப்பரிகை மாளிகையின் உச்சி அறையும் தவறவிடக் கூடாதது. அது ராஜாவுக்கு இல்லை, பத்மநாப சுவாமிக்கு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபருக்கு எழுதி வைத்துவிட்டு, நான் அவருடைய தாசன், அவர் சார்பில் ஆள்கிறேன் என்றார். திருப்படித்தானம் என்று பெயர். அதனால் மாளிகையிலேயே உயரமான அறை சாமிக்குப் படுக்கையறை, சுவர் முழுக்க ஓவியம், அணையா விளக்கு. பக்தி என்று ஒருவர் சொல்வார், சாமி பெயரில் இருக்கிற ராஜ்யத்துக்கு எதிராக எவன் வாள் எடுப்பான் என்று கணக்குப் போட்டது என்று இன்னொருவர் சொல்வார். தம்பிமார் கதையைக் கேட்டுவிட்டு அந்த விளக்கைப் பார்த்தால் எனக்கு இரண்டாமவர் பேச்சுதான் சரியென்று பட்டது. பெரியம்மா படி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டார், அந்தப் படிகள் அப்படி, செங்குத்து, இடுக்கு, தலை தட்டும். முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கீழ்த்தளத்தையும் ஊட்டுப்புரையையும் நிதானமாகக் காட்டினாலே போதும்.

மற்றபடி நடைமுறை விஷயம்: இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்காதீர்கள், வேன்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். காலையில் திறந்தவுடன் போய்விடுவது நல்லது, மதியம் சாப்பாட்டு இடைவேளை விடுவார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம். மணிச்சித்திரத்தாழ் படத்தில் பார்த்த பேய் அறை எங்கே என்று கேட்கிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும், அவர்களை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்தால் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் அமைதியாக நிற்கலாம், கண்ணாடிக்குப் பதிலாக அபிரகத் தகடு வைத்த சன்னல்களில் வெளிச்சம் நிறம் நிறமாக விழுவது அங்கேதான். வெளியே வந்ததும் வாசலுக்கு எதிரே எந்தக் கடையிலாவது நன்னாரி சர்பத் குடியுங்கள். பெரியம்மா இரண்டு குடித்துவிட்டு, "கொள்ளாம், அடுத்து மேலாங்கோட்டுக்கு விடு" என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.